மரக்காலை வைத்திருந்த மாமா

"முப்பது ஆண்டுகளாக மரக்காலை வைத்துக்கொண்டு..." என்று சொல்லிவிட்டு நடுவர் நிறுத்தினார். குரல் தழுதழுத்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம். அன்று அங்கே கலியாணம் இல்லை, பட்டிமன்றம். மேடைக்குப் பின்னால் வடை பொரிகிற மணம். முன்வரிசையின் நடுக்கதிரையில் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கழுத்தை இழுக்கிற மாலை என்று சின்னத்துரையர் உட்கார்ந்திருந்தார். விழாவுக்குச் செலவழித்தவர் அவர். எனக்கு மாமனாராக வர இருந்தவரும் அவர்தான். இரண்டு கிழமையில் எனக்கும் அவருடைய மகன் யோகனுக்கும் கலியாண எழுத்து, அதாவது பதிவு.

நடுவர் சென்னையிலிருந்து வந்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"இரண்டு கால் உள்ளவனே எழுந்து நிற்கத் தயங்கும் இந்தக் காலத்தில், ஒற்றைக் காலோடு கொட்டாஞ்சேனையிலிருந்து கிளம்பி, ஓர் ஊன்றுகோல்கூட இல்லாமல் இந்த முன்வரிசை வரைக்கும் நடந்து வந்திருக்கிறாரே! இந்தத் தன்னம்பிக்கைக்குச் சும்மா கைதட்டினால் போதுமா? எழுந்து நின்று தட்டுங்கள்!"

மாமா பதறி எழும்பினார். "ஐயா, அது வந்து..."

"உட்காருங்கள் ஐயா! நீங்கள் சிரமப்படக் கூடாது!"

பாதி மண்டபம் எழுந்து கைதட்டியது. மற்றப் பாதி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கியது. நான் மேடையில் இருந்தேன். என்னிடம் அடைக்கிற அளவுக்குத் தலைப்பு இருக்கவில்லை. உதட்டைக் கடித்தேன்.

இலங்கைக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊர்த் தமிழில் மரக்காலை என்றால் பலகையும் தீராந்தியும் விற்கிற இடம். அக்கரையில் மரக்கடை என்கிறார்களே, அதே. கழகச் செயலாளர் பரமசாமி அண்ணை துண்டுத்தாளில் "முப்பது வருடமாக மரக்காலை வைத்திருக்கும் பெருமகன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பாவம் நடுவர், மரத்தால் செய்த காலை வைத்திருக்கிறார் என்று வாசித்து அழுதுவிட்டார்.

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கொடுமை.

சொல்லக் கூடாத சொல்

இதில் பகிடி என்னவென்றால், அந்த ஒரு சொல்லைத்தான் அன்று மேடையில் சொல்லவே கூடாது என்று எனக்குக் கட்டளை இருந்தது. சொன்னால் கலியாணம் இல்லை.

அது சண்டை கொஞ்சம் மூச்சு வாங்கிய காலம். யாழ்ப்பாணத்துப் பாதை திறந்திருந்தது. இந்தியாவிலிருந்து வரும் விமானங்களில் சேலை வியாபாரிகள், வரப்போவதைச் சொல்லுகிற சாத்திரிமார், பட்டிமன்ற நடுவர்கள் என்று மூன்று சாதிச் சனமும் வந்து இறங்கினார்கள். எங்கள் கழகத்துக்கும் ஆசை வந்தது. கழகத்தின் பெயர் வேண்டாம். போன மாதம் இதே தொடரில் அவர்களுடைய வடையைப் பற்றி ஒரு வரி எழுதினேன், இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

தலைப்பு: "மழைக்காடு அழியக் காரணம் வறுமையா? வசதியா?" பரமசாமி அண்ணைக்கு இரண்டு சொல்லும் 'வ'வில் தொடங்கினால் போதும், உலகத்துப் பிரச்சினை எல்லாம் தீர்ந்த மாதிரி.

செலவுக்கு யாரைப் பிடிப்பது? காடு, மரம் என்றதும் அவர் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய் மாமாவைப் பிடித்தார். மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மரத்தைப் பற்றின விழாவெண்டா என்னட்டத்தானே வரவேணும்? வேற ஆரிட்டப் போவியள்?" என்றாராம். அதோடு பதாகையில் அவருடைய பெயர் தலைப்பை விடப் பெரிதாக வரும் என்றும் பேசி முடித்துவிட்டார்கள்.

காட்டை அழிக்கிறவன் வெட்டி எரித்து விதைக்கிற சேனைக்காரன், விறகு பொறுக்குகிறவன், வீடில்லாதவன் என்று தீர்ப்பு வரும் என்றுதான் மாமா நினைத்தார். நாடு முழுக்க அப்படித்தான் நினைத்தது. பாடப் புத்தகமும் அப்படித்தான் சொல்லியது. நான் வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்பில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தவள், எனக்குத் தெரியாதா?

சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு 'வசதி' அணி வந்தது. அணியின் கடைசிப் பேச்சாளர் வதனி டீச்சர். அதாவது நான்.

கதவு பூட்ட வந்தவன்

யோகனை எனக்கு எப்படித் தெரியும் என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாசகர்கள் கடிதம் எழுதுவீர்கள்.

எங்கள் ரியூசன் வகுப்புக் கதவை ஓ.எல். சோதனைக்குப் படித்த பிள்ளைகள் இடித்து இடித்தே கழற்றிவிட்டார்கள். புதுக் கதவு கொண்டுவந்து கீல் பூட்டியவன் யோகன். நான் உள்ளே சேனைப் பயிர்ச்செய்கை படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவன் வாய்க்குள் ஆணிகளை வைத்துக்கொண்டு முழுப்பாடத்தையும் கேட்டான். கடைசியில் ஆணியை எடுத்துவிட்டு, "டீச்சர், அப்ப நாங்கள் காட்டை அழிக்கேல்லையோ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு நான் அன்று மயங்கினேன். சில பெண்கள் மூக்குக்கு மயங்குவார்கள், சிலர் மோட்டார் சைக்கிளுக்கு. நான் கேள்விக்கு.

சேனை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சேனைப் பயிர்ச்செய்கை என்றால் காட்டை வெட்டி எரித்து, சில போகம் விதைத்துவிட்டு, வேறு காட்டுக்குப் போவது. இதைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன். சோதனையில் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை எழுதினாள்: "சேனைப் பயிர்ச்செய்கை என்பது இராணுவத்தினர் செய்யும் பயிர்ச்செய்கை." பக்கத்தில் இருந்தவள், "சேனைக்கிழங்கு நடுதல்." கிழங்குக்குச் சைபர் போட்டேன். இராணுவத்துக்குச் சைபர் போடவும் பயம், மார்க் போடவும் பயம். "என்னை வந்து சந்திக்கவும்" என்று எழுதிவிட்டேன்.

சரி, யோகனுக்கு வருவோம். ரயில் பாதைக்கு அங்கால் கடற்கரைக் கல்லில் குந்திக் குந்தி எங்கள் காதல் சில வருடம் ஓடியது. கரையோர ரயில் போகும்போது கதைக்க முடியாது, வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். அது நல்ல பகுதி.

சின்னத்துரையர் சம்மதிக்கவில்லை. "வாடகை வீட்டுக்காரர்" என்றார் எங்களை. உண்மைதான், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஹம்டன் லேன் பக்கத்தில் ஓர் அனெக்ஸில் இருந்தோம். யோகன் மூன்று மாதம் தகப்பனோடு கதைக்காமல் மரக்காலையில் வேலை மட்டும் செய்தான். கடைசியில் மாமா இறங்கி வந்தார். இறங்கியவர் முழுக்க இறங்கினார்.

"சீதனம் ஒண்டும் வேண்டாம். கட்டில் நான் செய்து தாறன். என்ர மருமேள் என்ர மரத்திலதான் படுக்கவேணும்."

அப்பா அன்று இரவு வழமையை விட ஒரு அகப்பை சோறு கூடச் சாப்பிட்டார்.

"அவன் போயிட்டான், கோவிக்கமாட்டான்"

பட்டிமன்றத்துக்குச் சில நாள் முந்தி கட்டில் பார்க்க வரச் சொல்லி மாமா அழைத்தார். கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

மரக்காலை என்றால் எனக்கு மணம்தான் முதலில். ஈர மரத்தூள், ரெசின், சுண்ணாம்பு, எங்கோ மூலையில் பூனை. வாள் மெசின் போட்டால் பல்லுக்குள் கூசும். நடுவில் என்னுடைய கட்டில் நின்றது. அப்பப்பா, என்ன கட்டில்! செந்நிறத்தில் மினுமினு என்று, தலைமாட்டில் இரண்டு மயில். தொட்டால் குளிர்ந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது. பொய் சொல்லி என்ன, மிகவும் பிடித்துவிட்டது.

வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த தச்சர் சோமே பாஸிடம் சிங்களத்தில், இந்த மரம் எங்கேயிருந்து என்று கேட்டேன்.

"பிட்ட ரட்டின், மிஸ்," என்றார். வெளிநாட்டிலிருந்து.

"எந்த நாடு மாமா?"

"மலேசியாவோ இந்தோனேசியாவோ. கப்பலில வருது. இஞ்ச இயற்கைக் காட்டில வெட்ட விடமாட்டாங்களே இப்ப," என்றார் மாமா. பிறகு தொண்டையைச் செருமினார். "பிள்ளை, உனக்கு வசதிப் பக்கமாமே?"

"ஓம் மாமா. சீட்டில வந்தது."

"வெள்ளைக்காரனைப் பற்றிக் கதை. கோப்பி, தேயிலை, றபர், என்ன வேணுமெண்டாலும் கதை. மலையெல்லாம் மொட்டையடிச்சவன் அவன்தானே? அவன் போயிட்டான், கோவிக்கமாட்டான். ஆனா மரக்காலையெண்ட சொல்லு உன்ர வாயால வரக்கூடாது. நான் காசு குடுத்து மேடை போட்டு, என்ர வீட்டுக்கு வாற பிள்ளையே எனக்குக் கல்லெறியிறதோ? அந்தச் சொல்லு வந்தா எழுத்தும் இல்லை, கட்டிலும் இல்லை."

"பகிடியோ மாமா?"

"பகிடியெண்டா நான் சிரிச்சிருப்பன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதை அடக்க, சுவரில் சாய்த்திருந்த கதவுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கோட்டைக் கதவு மாதிரித் தடித்த மொத்தம். வெள்ளவத்தையில் அப்போது பல் முளைக்கிற மாதிரித் தொடர்மாடிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் கதவு இங்கிருந்துதான்.

"ஏன் இவ்வளவு மொத்தமா? மெல்லிசா அறுத்தா ஒரு மரத்தில ரெண்டு மடங்கு கதவு வருமே," என்றேன் சூடாக.

மாமா கதவைக் கையால் தடவினார்.

"எண்பத்திமூண்டுக் கலவரத்தில என்ர வீட்டுக் கதவு ஒரே உதையில போனது பிள்ளை. மெல்லிசுப் பலகை. பின்மதிலால பிள்ளையளைத் தூக்கிப் போட்டுத்தான் தப்பினனாங்கள். யோகனுக்கு அப்ப அஞ்சு வயசு. அதுக்குப் பிறகு நான் மெல்லிசுக் கதவு ஒருத்தருக்கும் விக்கேல்லை. என்னட்டக் கதவு வாங்கிறது ஓடி ஓடி வந்த சனம். ஒரு உதைக்காவது தாங்கவேணும்."

எந்தப் பாடப் புத்தகத்திலும் இந்தக் காரணம் இல்லை. வறுமையிலும் சேராது, வசதியிலும் சேராது. இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து பேச்சில் மரக்காலை வந்த இடமெல்லாம் வெட்டினேன். மிஞ்சியது வெள்ளைக்காரன் மட்டும்தான். யோகன் வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இது நீயில்லை," என்றான். அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

எந்தக் கால்?

திரும்ப மண்டபத்துக்கு வருவோம்.

கைதட்டல் ஓய்ந்தது. நடுவர் பொன்னாடையை எடுத்துக்கொண்டு தானே கீழே இறங்கிப் போனார். மாமாவின் தோளில் போர்த்தும்போது கண் மட்டும் கீழே போய் வந்தது. எந்தக் கால் என்று தேடினார். வேட்டி மறைத்துக்கொண்டிருந்தது. மாமாவின் முகம் பீட்ரூட்.

யாராவது திருத்தியிருக்கலாம். பரமசாமி அண்ணை மேடை ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் சைகை காட்டினேன். கிட்ட வந்து குனிந்து, "விடு பிள்ளை, விருந்தாளி. ஆயிரம் பேருக்கு முன்னால பிழையெண்டு சொல்லி அவமானப்படுத்துறதோ?" என்றார்.

அங்கே முந்நூறு பேர்கூட இல்லை. அதோடு, அவமானப்பட்டுக்கொண்டிருந்தவர் வேறு ஆள்.

பேச்சுகள் தொடங்கின. நிலைமை மோசமாகியது. பேச வந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர், எல்லோருக்கும் விசயம் தெரியும், ஆனால் நடுவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே! வறுமை அணிக்காரர், "நம் புரவலர் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் ஏழை விவசாயி ஒற்றைப் போகத்தில் நிற்கிறான்" என்றார். எங்கள் அணியின் இரண்டாவது ஆள், "மரத்தை வெட்டினால் காடு மட்டுமா போகும், ஐயாவின் காலும் போகும்!" என்றான். நடுவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சனம் கண்ணீர் விட்டுச் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கோபமாகப் பார்த்தார். பிறகு அது கோபமில்லை என்று விளங்கியது. யாராவது சொல்லுங்கோவன் என்கிற பார்வை. அந்தப் பார்வையைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் எழுத்து இல்லை. சொல்லாவிட்டால் எழுத்து இருக்கும், மாமாவுக்குக் கால் இருக்காது.

"நடுவர் அவர்களே, ஒரு திருத்தம்," என்றேன். "எங்கள் மாமாவுக்கு இரண்டு காலும் உண்டு. அவரிடம் இருப்பது மரக்காலை."

"அதைத்தானே அம்மா நானும் சொன்னேன்?"

"இல்லை ஐயா. மரக்கால் இல்லை, மரக்காலை."

"ஆமாம் அம்மா. மரக்காலை."

மண்டபம் வெடித்தது. யாரோ பிளாஸ்டிக் கதிரையோடு பின்னால் விழுந்தார்கள்.

"மரம் விற்கிற கடை ஐயா!" என்று கத்தினேன். "பலகை! கதவு! யன்னல்! கடை!"

நடுவரின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "கடையா?" என்றார் மெதுவாக. பிறகு கையில் இருந்த துண்டுத்தாளைப் பார்த்தார். பிறகு மாமாவின் கால்களைப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார்.

கொட்டாஞ்சேனையார்

சொல் வாயால் போய்விட்டது. எழுத்தும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனதுதான் போனது, முழுக்கச் சொல்லிவிட்டே இறங்குவோம் என்று வெட்டி எழுதிய பேச்சை மடித்து வைத்தேன்.

"எங்கட ஆக்களிட்டக் காடழிக்கிறவன் ஆரெண்டு கேட்டா உடனே சேனைக்காரன் எண்டு கை நீட்டுவினம்," என்றேன். மேடைத் தமிழ் எப்போது கழன்றது என்று தெரியாது. "ஆனா மாமா இருக்கிறது எங்க? கொட்டாஞ்சேனை. கொட்டான் மரம் நிண்ட சேனை எண்டுதானே சொல்லுறவை. ஆரோ ஒருத்தன் காட்டை வெட்டி எரிச்ச இடத்தில இருந்துகொண்டு, காட்டை எரிக்கிறவனைப் பிடியுங்கோ எண்டு கத்துறம். நான் இருக்கிறது வெள்ளவத்தை. வத்தையெண்டா தோட்டம். பெரிய ஆக்கள் இருக்கிறது கறுவாத் தோட்டம். கொழும்பில காட்டை வெட்டின பேர் இல்லாத இடம் கடல் மட்டும்தான்!"

சிரிப்பு நின்றுவிட்டது.

"வெள்ளைக்காரன் கோப்பிக்கு மலையைச் சிரைச்சான். கோப்பி செத்துப்போக அதிலயே தேயிலை நட்டான். கீழ்க்காட்டில றபர் நட்டான். ஓம், அவன்தான். ஆனா அவன் போனபிறகு? தேயிலைக்குப் பெட்டி வேணும். பெட்டிக்குப் பிளைவுட் வேணும். அதுக்கெண்டு சிங்கராஜ வனத்துக்குள்ள மெசின் போனது. சனம் கத்தினபிறகுதான் நிப்பாட்டினவை. முதல் தேயிலை காட்டைத் திண்டது, பிறகு தேயிலைப் பெட்டி மிச்சத்தைத் திண்டது. மெசின் போக றோட்டு. றோட்டுப் போட்டா, றோட்டால மாணிக்கம் தோண்டுறவன் போவான், காணி பிடிக்கிறவன் போவான், கடைசியா ஒரு கத்தியோட ஏழை போவான். பேப்பரில படம் வாறது ஆரின்ர? அந்தக் கடைசி ஆளின்ர!"

தொண்டை வறண்டது. யாரும் தண்ணீர் தரவில்லை. நடுவர் எல்லாவற்றையும் குடித்துவிட்டார்.

"இப்ப இஞ்ச காடு வெட்டேலாது, சட்டம் இருக்கு. நல்ல விசயம். அதால வேற நாட்டுக் காட்டைக் கப்பலில இறக்கிறம். இந்த மண்டபத்துக் கதவு, நீங்கள் வாங்கப்போற தொடர்மாடிக் கதவு, எல்லாம் அதுதான். ஏன், என்ர கலியாணக் கட்டிலும் அதுதான். ரெண்டு மயில் இருக்கு. நல்ல வடிவு. எனக்கு ஆசை. அந்த ஆசைதான் காரணம். வெட்டினவன் ஒரு நாள் வெட்டினான். நாங்கள் ஒவ்வொரு நாளும் கேக்கிறம்."

கடைசி வரிசையில் யோகன் நின்றான். அவன் மட்டும் கைதட்டினான். தட்டியவன் தகப்பன் திரும்பிப் பார்த்ததும் கையைப் பொக்கற்றுக்குள் போட்டான்.

இரண்டும் சொந்தக் கால்

மாமா எழும்பினார். இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு நேரே மேடைக்கு வந்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். கலியாணம் இந்த மேடையிலேயே முடியப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாரும் வடிவாப் பாருங்கோ," என்று வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். "ரெண்டும் சொந்தக் கால். மயிரும் இருக்கு."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் வெளியே காலி நகர்ப் பெருவீதியில் போன பஸ்ஸே நின்றிருக்கும்.

"இவ்வளவு பேர் மேடையில இருந்தும், எனக்குக் காலிருக்கெண்டு சொன்னது இந்தப் பிள்ளை ஒராள்தான். சொல்லக்கூடாதெண்டு நான் சொன்ன சொல்லைச் சொல்லித்தான் சொன்னவள்." என் பக்கம் திரும்பினார். "எழுத்து நடக்கும். ஆனா கட்டில் வராது. காட்டுக்காக இவ்வளவு கதைச்ச பிள்ளைக்குக் கட்டிலைத் தந்து நான் பாவம் தேடமாட்டன். நீங்கள் ரெண்டு பேரும் எங்க வேணுமெண்டாலும் படுங்கோ."

அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். முகத்தில் ஒரு நிம்மதியும் ஒரு கட்டில் போன துக்கமும் சேர்ந்து வந்ததைப் பார்த்தேன்.

தீர்ப்பா? வறுமையும் வசதியும் இரண்டுமே காரணம் என்றார் நடுவர். இதைச் சொல்ல எதற்கு ஒரு விமானம்?

றபர் மெத்தை

எழுத்து நடந்தது. ஒரு சின்ன ஃபிளாட்டில் தரையில் றபர் மெத்தை போட்டுப் படுத்தோம். முதல் தரம் வீட்டுக்கு வந்த மாமா மெத்தையைக் கால் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

"றபரோ? றபர் நட முதல் அந்த மலையில என்ன நிண்டது டீச்சர்? கிறிக்கற் மைதானமோ?"

நான் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினேன். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "தேத்தண்ணியோ?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு மேல்மாடிக்குக் கேட்டது.

எங்கள் உறவு அதன்பிறகு அப்படித்தான். அவர் திருந்தவில்லை, நானும் விடவில்லை. நான் முட்டைக்கோப்பி குடித்தாலும் அவர் காட்டை இழுப்பார். அவர் முகம் துடைக்கக் கடதாசி எடுத்தாலும் நான் காட்டை இழுப்பேன். யோகன் இரண்டு பேருக்கும் நடுவில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்வான்.

பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானை வரை அவர் 'மரக்கால் சின்னத்துரை'. பேலியகொடையில் மீன் வாங்கப் போனாலும், கதை கேள்விப்பட்ட லொறிக்காரர், "முதலாளி, ககுல கொஹொமத?" என்று கேட்பார்கள். கால் எப்படி என்று அர்த்தம். மாமா வேட்டியைத் தூக்கிக் காட்டுவார். என் பிள்ளைகளுக்கே அவர் மரக்கால் தாத்தா.

மயில் கட்டில்

பிறகு மாமாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. கால் விரலில் ஒரு சின்னப் புண். மரக்காலையில் ஆணி கீறியது என்றார். ஆறவில்லை. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதையும்.

வீட்டில் ஒருவரும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே அவருக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் போனால் தேத்தண்ணியைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லமாட்டார். அவர் சண்டை பிடிக்காவிட்டால் அவர் இல்லை.

செயற்கைக் கால் பொருத்திய அன்று யோகனோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். செந்நிறக் கட்டில், தலைமாட்டில் இரண்டு மயில். அதை அவர் விற்கவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இது மருமேளின்ர என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, கடைசியில் தானே படுத்தாராம்.

என்னைக் கண்டதும், "அந்த இந்தியாக்காரன் நடுவரில்லை பிள்ளை," என்றார். "சாத்திரி."

சிரிக்கவும் முடியவில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மாமா குனிந்து புதுக் காலை விரல் கணுவால் தட்டினார். மரத்தை வாங்குவதற்கு முன் தட்டிப் பார்க்கிற அதே தட்டல். காதைச் சரித்துக் கேட்டார்.

"நானும் மரமோ எண்டு பாத்தன். பிளாஸ்டிக்காம். ஒரு காடும் அழியேல்லை. இப்ப சந்தோசமே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அடக்க முடியவில்லை.

மாமா பக்கத்தில் இருந்த மயிலின் தலையைத் தட்டினார்.

"ஏன் அழுறாய்? கட்டில் வேணுமோ?"